கருகுபனி

தன் வாளை வேறொருவன் ஓங்கிப் பிடித்திருப்பதைக் கெஸியா முதன்முதலாகப் பார்த்தபோது, எமரால்டு என்னும் மலையூருக்கு அருகிலிருந்த தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டுத் தொட்டிகளை மேற்பார்த்தபடி நின்றிருந்தாள். திங்கட்கிழமைக் காலை. நீண்ட தொட்டிகளில் பச்சைக் கொழுந்து பரப்பியிருந்தது. அடியிலிருந்து விசிறிகள் ஊதிக்கொண்டிருந்தன. கைப்பேசியில் வந்து விழுந்த காணொளியின் தலைப்பு கத்திக்கொண்டிருந்தது: ‘தீயும் பனியும் ஒரே வாளில்! உலகத்தில் முதல்முறை! ஜினோ ஸ்பெஷல்!’

வாளின் கைப்பிடியில் ஒரு நீலக் குஞ்சம் ஆடியது. அதைக் கட்டியவள் கெஸியா. வாளைத் திருடியவனுக்குக் குஞ்சத்தை அவிழ்க்கும் அளவுக்குக்கூடப் பொறுமை இருந்திருக்கவில்லை.

“மேடம், இந்தத் தொட்டிய இறக்கலாங்களா?” என்று கொழுந்து கிளறும் பெண் கேட்டாள்.

“இறக்கக் கூடாது. இன்னும் வாடல” என்றாள் கெஸியா. குரலில் இருந்த சூட்டுக்கு அந்தப் பெண் ஓர் அடி பின்வாங்கினாள்.

வாள் என்றது மெய்யான இரும்பு வாளை அல்ல. ‘வெண்கோட்டை’ என்னும் கணினி விளையாட்டில், மலைமேல் இருக்கும் ஒரு பாழ்நகரத்தை மீட்கப் போராடும் வீரர்களின் உலகில், கெஸியாவின் பாத்திரம் ஏந்தியிருந்த வாள் அது. இல்லாத வாளுக்காக ஒருத்தி இவ்வளவு கோபப்படலாமா என்று கேட்பவர்கள், ஒரு பொருளைத் தன் மூளையால் மட்டுமே செய்து பார்த்திராதவர்கள். கையால் செய்ததைத் திருடினால் கையாவது மிஞ்சும்.

அந்த உலகில் ஆயுதங்களுக்கு மந்திரம் ஏற்றலாம். தீ ஏற்றிய வாள் வெட்டிய இடத்தைச் சுடும். பனி ஏற்றிய வாள் எதிரியின் காலை உறைய வைக்கும். மந்திரம் ஏறிய இரண்டு ஆயுதங்களை உலைக்களத்தில் இட்டு ஒன்றாக்கவும் வழியுண்டு. இடப்பக்கம் வைத்தது நிலைக்கும். வலப்பக்கம் வைத்தது எரிந்துபோய்த் தன் மந்திரத்தை இடப்பக்கத்துக்குக் கொடுத்துவிடும். ஆனால் தீயும் பனியும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. சேர்த்தால் தீ பனியைத் தின்னும், வாள் சில்லுச் சில்லாகச் சிதறும். விளையாட்டு வெளிவந்த நாள்முதல் ஆயிரக்கணக்கானோர் முயன்று தோற்ற சேர்க்கை அது.

அதை யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்கள் அந்தச் சேர்க்கைக்குப் பெயர் வைக்கலாம். வைத்த பெயர், அந்த வாள் தன் முதல் போரை வென்றதும் நிலைத்துவிடும். பிறகு உலகின் எந்த மூலையில் எவர் அதே சேர்க்கையைச் செய்தாலும் அந்தப் பெயர்தான் திரையில் எழும். வெல்வதற்கு முன்பே வாள் உடைந்தால் பெயரும் உதிர்ந்துவிடும். களம் மீண்டும் எல்லோருக்கும் திறந்திருக்கும்.

கெஸியா பெயரை எப்போதோ முடிவு செய்திருந்தாள்: கருகுபனி. மார்கழியிலும் தையிலும் எமரால்டுப் பள்ளங்களில் விடிகாலையில் உறைபனி இறங்கும். வெயில் ஏறிய பிறகு பார்த்தால், வெள்ளையாக உறைந்த தேயிலையெல்லாம் நெருப்பில் வாட்டியதுபோலக் கறுத்துக் கிடக்கும். ‘பனி சுட்டுருச்சு’ என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள். பனி சுடும் என்பதை அறிந்த ஊரில் பிறந்தவளுக்கு, தீயும் பனியும் பகை என்னும் விதி முதலிலிருந்தே சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது.

வழியும் தொழிற்சாலையிலிருந்துதான் பிறந்தது. பறித்த கொழுந்தை அப்படியே உருட்டினால் நொறுங்கும். முதலில் வாட்ட வேண்டும், வாடினால்தான் வளையும். அதுபோலத் தீயை முதலில் வாட்டினால் என்ன? விளையாட்டில் ‘துரு’ என்றொரு சாபம் உண்டு. அது ஏறிய ஆயுதத்தின் மந்திரம் பாதியாகக் குறையும் என்பதால், எல்லோரும் அதைக் கண்டால் ஓடுவார்கள். கெஸியா அதைத் தேடிப் போய் வாங்கி, முதலில் தீ ஏற்றிய ஒரு சிறுகத்திக்கு ஏற்றிப் பார்த்தாள். அடங்கிய தீயின்மேல் பனி அமைதியாக வந்து அமர்ந்தது.

அதோடு வேலை முடிவதில்லை என்பதைச் சிறுகத்திகளை வைத்துச் செய்த சோதனைகளில் அவள் கண்டிருந்தாள். துரு போரில் உதிரும். ஒரேயடியாக உதிர்ந்தால், அதுவரை தூங்கிய தீ திடுக்கென்று விழித்துப் பனியைக் கடித்துவிடும். ஆகவே உலையிலிருந்து எடுத்ததும் எண்ணெய் பூசிப் பூசி, துருவைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுக்க வேண்டும். உருட்டிய இலையைப் பரப்பி நிறம் மாறக் காத்திருப்பது போன்ற வேலை. பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காததுபோலத் தெரியும். சிறுகத்திகளுக்குப் பெயர் வைக்கும் உரிமை கிடையாது. முழு வாளில் செய்ய வேண்டும். அதைத்தான் சனிக்கிழமை மதியம் தொடங்கினாள்.

சனிக்கிழமை மழை பெய்தது. உலை பாதி எரியும்போது கரண்ட் போனது.

இந்த இடத்தில் அவர்களுடைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எமரால்டு, சோலூர், குன்னூர் என்று மலையெங்கும் சிதறியிருந்த சிலர் சேர்ந்து ஒரு குழுவாக விளையாடினார்கள். காற்றடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கம்பி அறும். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் போகாது. எனவே தங்கள் கடவுச்சொல்லை வேறொரு ஊர்க்காரரிடம் கொடுத்து வைப்பது அவர்களிடையே வழக்கமாகிவிட்டது. இருட்டில் மாட்டியவர் போன் செய்தால், வெளிச்சத்தில் இருப்பவர் அவர் கணக்கில் ஏறி உலையை அணையாமல் ஊதுவார். சமவெளிக்காரன் எவனும் இப்படிச் செய்யமாட்டான். கடவுச்சொல்லைக் கொடுப்பதைவிட ஏடிஎம் அட்டையைக் கொடுத்துவிடுவான். இவர்களோ அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அடுத்த வீட்டில் சாவி கொடுப்பதுபோலக் கொடுத்தார்கள். குன்னூரில் மொபைல் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஜினோவிடம் பெரிய இன்வெர்ட்டர் இருந்தது. ஆகவே எல்லோருடைய கடவுச்சொல்லும் அவனிடம் இருந்தது. அவனுடையது எவரிடமும் இல்லை, அவனுக்குத் தேவைப்படவில்லை.

“ஜினோ, என் உலை ஓடிட்டிருக்கு. ஏறிப் பாத்துக்கப்பா. துரு ஏத்தினதால தீ அடங்கிருச்சு. தொடாத, ஊதினாப் போதும்” என்று சனிக்கிழமை அவள் மூச்சுவிடாமல் சொன்னாள்.

“துருவா? அக்கா, நீங்க பெரிய ஆளுக்கா! நான் பாத்துக்கிறேன், நீங்க டீயக் குடிங்க.”

“இன்னொண்ணு இருக்கு, எடுத்ததுக்கு அப்பறம்…” என்று அவள் தொடங்கியபோது கரண்டைத் தொடர்ந்து டவரும் போனது. மறுநாள் முழுவதும் வரவில்லை. அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மழையைப் பார்த்துக்கொண்டு, உலை பத்திரமான கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியை இப்போது நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

கொழுந்து எடைபோடும் மேடைக்குப் பின்னால் போய் நின்று ஜினோவை அழைத்தாள்.

“சொல்லுங்கக்கா! பாத்தீங்களா? கமெண்ட் எல்லாம் பாத்தீங்களா?”

“என் வாள் எங்க?”

“பத்திரமா இருக்குதுக்கா. என் அக்கவுண்ட்ல.”

“அங்க எப்படி வந்துச்சு? நடந்து வந்துச்சா?”

“அட, கேளுங்க. உலை அணையற மாதிரி ஆயிருச்சு. உங்க லெவலுக்குத் துருத்தி பத்தல. என்னுதுக்கு மாத்தினாத்தான் காப்பாத்த முடியும்னு…”

“சரி. காப்பாத்தின. அப்பறம்?”

“வெளிய எடுத்தேன். பேர் வைன்னு கேட்டுச்சு. என்ன டைப் பண்றதுன்னு தெரியல. சட்டுனு…”

“சட்டுனு உன் பேருதான் ஞாபகம் வந்துச்சாக்கும்.”

“அக்கா, நமக்குள்ள என்ன உன்னுது என்னுதுன்னு? குழுவுக்குக் கெடச்ச பேருதானே? வீடியோ கடைசில உங்களுக்குத் தேங்க்ஸ்கூடப் போட்டிருக்கேன்.”

கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள். ‘கரண்ட்டே இல்லாத எமரால்டுக்கு ஒரு ஸ்பெஷல் தேங்க்ஸ்’ என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றை வைத்திருந்தான். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே அந்த வரியில் இல்லை. ஓர் ஊரும் ஒரு குறையும் மட்டும் இருந்தன. வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் கடையிலிருந்தே நேரலையில் முதல் போரை நடத்தப்போவதாகவும் அறிவித்திருந்தான். அதை வென்றுவிட்டால் ‘ஜினோ ஸ்பெஷல்’ என்பது அந்த உலகம் உள்ளவரை நிற்கும்.

விளையாட்டு நிறுவனத்துக்கு முறையிட்டாள். கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுப்பதே விதிமீறல், ஆகவே முறையீட்டை ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது. குழுவில் எழுதினாள். ‘விடுங்கக்கா, கேம்தானே’ என்றான் ஒருவன். ‘ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க’ என்றான் இன்னொருவன். திருடனையும் பறிகொடுத்தவளையும் ஒரே தராசில் நிறுத்தும் இந்த நடுநிலை, திருட்டைவிட அவளைச் சுட்டது.

வாரம் முழுவதும் அவள் கையில் பட்டதெல்லாம் சத்தமிட்டது. தட்டு, கதவு, சைக்கிள் ஸ்டாண்டு.

“ஏன்டி, அந்தத் தட்டுமேல என்ன வஞ்சம் உனக்கு?” என்று அவளுடைய அம்மா யூனிஸ் கேட்டாள். “சண்டைன்னா நேர்ல போய்ப் போடு. போன்ல கத்தினா டவருக்குத்தான் காது வலிக்கும்.”

“போகத்தான் போறேன்மா. நேரலையில அத்தனை பேருக்கு முன்னால அவன் முகத்துல கேட்கப் போறேன்.”

“போறப்ப ஸ்வெட்டர் எடுத்துக்க. கோவத்துல மறந்துருவ.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்தாள். ஊட்டியில் வண்டி மாறும்போது வேலாமணி அண்ணன் அவளுக்காகக் காத்திருந்தார். சோலூரில் கேரட் போடுகிறவர். குழுவில் மூத்தவர், அவருடைய கடவுச்சொல் ஜினோவிடம் மட்டுமல்ல, கெஸியாவிடமும் இருந்தது. உலையில் எரிந்துபோன பனிவாள் அவர் கொடுத்தது. விளையாட்டில் ஆண்டுக்கொருமுறை வரும் பனிப்போரில் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. “என்றகிட்டக் கெடந்தா கேரட் வெட்டத்தான் ஆகும். நீ என்னமோ செய்யறீன்னியே, வெச்சுக்க அம்மிணி” என்று கொடுத்திருந்தார். கருகுபனி என்னும் பெயரை அவள் சொல்லியிருந்ததும் அவர் ஒருவரிடம்தான். போன தை மாதம் உறைபனியில் நாற்றெல்லாம் கறுத்துப் பார்த்தவர், விளக்க வேண்டியிருக்கவில்லை.

“கையக் கிய்ய நீட்டிராத அம்மிணி” என்றார் பஸ்ஸில்.

“வாய நீட்டறேனுங்ணா. அது போதும்.”

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டுச் சந்தில் இருந்தது ஜினோவின் கடை. உடைந்த கைப்பேசிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சுவரில் பெரிய திரை மாட்டியிருந்தான். பத்துப் பன்னிரண்டு பேர் ஸ்டூலிலும் தரையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கெஸியாவைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு கேமரா இருப்பது நினைவுக்கு வந்து மலர்ந்தது.

“அட, நம்ம எமரால்டு அக்கா! வாங்க, வாங்க. அண்ணா, நீங்களும் வந்துட்டீங்களா? ஏ, அக்காவுக்கு ஸ்டூல் போடுறா.”

அவள் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை வழிநெடுக அடுக்கி வைத்திருந்தாள். அவன் மூச்சுவிடும் இடைவெளிக்காகக் காத்திருந்தாள்.

“இதை எப்படிக் கண்டுபிடிச்சேன்னு எல்லாரும் கேட்கறீங்க” என்று ஜினோ கேமராவைப் பார்த்துத் தொடங்கினான். “கடைக்கு வர்ற போன்ல சார்ஜிங் பின் எல்லாம் துருப் பிடிச்சிருக்கும். இந்த ஊர் ஈரம் அப்படி. ஒருநாள் அதைச் சொரண்டிட்டிருந்தப்ப டக்குனு தோணுச்சு. துரு கெட்டதுன்னு யாரு சொன்னா? அதையே தீக்குப் பூட்டாப் போட்டா என்ன? அப்ப ஆரம்பிச்ச ஆராய்ச்சிங்க. தூங்கல, சாப்பிடல.”

“கடையையும் தெறக்கல!” என்று தரையிலிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

கெஸியாவுக்குச் சிரிப்பொலி தூரத்தில் கேட்டது. வாளை எடுத்தான், அது ஒரு திருட்டு. பெயரை எடுத்தான்; அது இன்னொன்று. இப்போது அந்த எண்ணம் அவளுக்குள் பிறந்த விதத்தையே எடுத்துத் தன் கடை மேசையில் பிறந்ததாக எழுதிக்கொண்டிருந்தான். வாட்டுத் தொட்டியும், கறுத்த தேயிலையும், அவள் நின்று யோசித்த காலைகளும் இல்லாமற்போய், அந்த இடத்தில் ஒரு சார்ஜிங் பின் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுந்து கத்தத்தான் போனாள்.

அப்போது ஜினோ வாளை உருவினான்.

திரை முழுதும் வாள் நீண்டது. நீலக் குஞ்சம் இன்னும் ஆடியது. அலகின் விளிம்பில் செம்பழுப்பான பொருக்குகள் அடைந்திருந்தன. கூட்டம் ‘ஓ’ என்று வியந்தது. அதை அவர்கள் அலங்காரம் என்று நினைத்தார்கள்.

கெஸியாவின் கை ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தது. அவன் எண்ணெய் பூசவேயில்லை. உலையிலிருந்து எடுத்தான், பெயர் வைத்தான், காணொளி போட்டான். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள். ஆக்கியவனே இவனில்லை, ஆறுவதைப் பற்றி இவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

பாதி எழுந்தவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

“பேசலையா?” என்று வேலாமணி அண்ணன் காதருகே கேட்டார்.

“பாக்கலாங்ணா.”

எதிரே கல்லரக்கன் வந்தான். முதல் வெட்டிலேயே அவன் கால் உறைந்தது. இரண்டாம் வெட்டில் தோள் பற்றி எரிந்தது. கடை அதிர்ந்தது. ஒரே அலகில் வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி ஓடுவதை இதுவரை எவரும் கண்டதில்லை. கெஸியாவும் இதுவரை கண்டதில்லை. அவள் கற்பனையில் இருந்ததைவிட அழகாக இருந்தது. அது அவளுடையது என்று அறிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் மூன்றே பேர். அந்த அழகு அவள் கோபத்தைத் தணிக்கவில்லை, கூர்தீட்டியது.

ஒவ்வொரு வெட்டுக்கும் பொருக்குகள் உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தில் சிவப்பு கூடியது. அரக்கன் முழந்தாளிட்டான், இன்னும் சில வெட்டுகளில் விழுந்துவிடுவான். வாளை இப்போதே உறையில் போட்டுவிட்டால் போதும். தோல்வியாகக் கணக்காகாது. பிறகு எண்ணெய் பூசி நாளைக்கு வரலாம். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் வாள் பிழைக்கும். பிழைத்த வாள் நாளை வெல்லும். வென்ற வாள் அவன் பெயரில் நிலைக்கும். சொல்லாவிட்டால் வேலாமணி அண்ணனின் பனிவாளும் அவளுடைய தீவாளும் இந்தப் படிக்கட்டுச் சந்தில் ஒன்றாக அழியும்.

‘வாள் நடுங்குகிறது’ என்று திரையில் எழுத்து மின்னியது.

“என்னது இது?” ஜினோ விசைகளைத் தட்டினான். “துரு மொத்தமா உதிருது. ஏ, இது என்னடா?” மைக் காதோரம் இருப்பதை மறந்து திரும்பினான். “அக்கா, இது ஏன் இப்படி நடுங்குது? என்னக்கா பண்ணணும்? சீக்கிரம் சொல்லுங்க!”

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

கெஸியா அவனை எப்போதும் ஒருமையில் அழைப்பவள். அன்று கையைக் கட்டிக்கொண்டு, குரலைச் சற்றும் உயர்த்தாமல் கேட்டாள்.

“உங்க ஆராய்ச்சியில என்னங்க வந்துச்சு, ஜினோ? தூங்காம, சாப்பிடாம செஞ்சீங்களே. அதுல பாத்துச் சொல்லுங்க.”

யாரோ ஒருவன் பொங்கிச் சிரித்துவிட்டான். ஜினோவின் விரல் பதற்றத்தில் மறுபடி வெட்டும் விசையில் விழுந்தது. கடைசிப் பொருக்கு உதிர்ந்தது. அலகு முழுதும் ஒரு கணம் செக்கச் சிவந்து, உள்ளே ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழாக ஓடி, வாள் சிதறியது. குஞ்சம் மட்டும் தரையில் விழுந்து கிடந்தது. அரக்கன் எழுந்தான். ‘ஜினோ ஸ்பெஷல் என்னும் பெயர் நீங்கியது’ என்று திரை அறிவித்தது.

ஜினோ மைக்கைப் பிடுங்கி எறிந்தான். கேமராவை அணைத்தான்.

“தெரிஞ்சும் சொல்லலைல்ல?” அவன் குரல் உடைந்திருந்தது. “எத்தனை மழைக்கு உங்க எல்லார் உலையையும் நான் ஊதியிருக்கேன்? கடைய விட்டுட்டு, கஸ்டமர விட்டுட்டு. ஒருத்தராவது ஒருநாள் என் பேரச் சொன்னீங்களா? ‘ஜினோ, ஏறு. ஜினோ, ஊது.’ இன்வெர்ட்டருக்கு இருக்கற மரியாதகூட எனக்கு இல்ல. ஒரே ஒரு தடவ என் பேரு இருக்கட்டுமேன்னு வெச்சேன். அது தப்பா?”

அதில் உண்மை இருந்தது. அது அவளை இன்னும் எரிச்சலூட்டியது. நியாயமான குறை ஒன்றை அவன் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்து, திருட்டுக்குப் போர்வையாக இப்போது எடுத்து விரிக்கிறான்.

“நீ ஊதினதுக்கு நன்றி சொல்லாதது எங்க தப்பு. அதை நான் ஒத்துக்கிறேன்” என்றாள். “ஆனா பக்கத்து ஊட்டு அடுப்ப அணையாமப் பாத்துக்கன்னு சாவி குடுத்தா, சோத்துப்பானையத் தூக்கிட்டுப் போய், நானே ஆக்கினேன்னு ஊரக் கூட்டிப் பந்தி போடுவியா?”

கூட்டத்தில் சிலர் கைப்பேசிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவள் படியிறங்கினாள்.

வெற்றி என்று ஒன்று இருந்திருந்தால் அது பாதிப் படிக்கட்டு வரைக்கும்தான் நீடித்தது. பின்னால் வந்த வேலாமணி அண்ணன் அங்கே நின்றார்.

“உடையும்னு உனக்குத் தெரியுமா அம்மிணி?”

“தெரியுங்ணா.”

“எப்பருந்து?”

“அவன் உருவினப்பவே.”

“ஒறையில போடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா?”

“நின்னிருக்கும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “அதுல இருந்த பனி, என்ற வாளு.”

“அவன் பேர்ல நிக்கறதுக்கு உடையறதே மேலுங்ணா.”

“அது உன்ற கோவம். கோவம் உன்றது, வாளு என்றது. என்னைய ஒரு வார்த்த கேட்டியா? பக்கத்துலதான உக்காந்திருந்தேன்.”

தன்னிடமிருந்து கேளாமல் எடுத்தவனை முறித்த கையோடு, அவளும் ஒருவரைக் கேளாமல் அவருடையதைச் செலவழித்திருந்தாள். ஊட்டி வரை அவர் சன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். வழியில் கேத்தி என்னும் ஊரைத் தாண்டும்போது மட்டும் ஒரு வாக்கியம் சொன்னார்: “ஊட்டுக்குப் போனதும் என்ற பாஸ்வேர்ட மாத்திக்கறேன்.”

“மாத்திக்கங்ணா” என்றாள். சோலூர் பஸ்ஸில் ஏறியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று அவளும் தன் கடவுச்சொல்லை மாற்றினாள். அந்த வாரத்தில் குழுவில் ஒவ்வொருவராக மாற்றினார்கள். எவரும் எவருக்கும் அறிவிக்கவில்லை. மழைக்குக் கரண்ட் போனபோதெல்லாம் மலையில் எங்கோ ஓர் உலை கேட்பாரின்றி அணைந்தது. தான் செய்தது சரிதானா என்று கெஸியா தன்னையே விசாரித்துப் பார்த்தாள். அண்ணன் விஷயத்தில் நெஞ்சு உறுத்தியது. ஜினோ விஷயத்தில் ஒரு துளியும் உறுத்தவில்லை. அந்தச் சார்ஜிங் பின்னை நினைக்கும்போதெல்லாம் கோபம் புதிதாகப் பறித்ததுபோலப் பச்சையாக எழுந்தது.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மதியம், சோலூர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு நின்றபோது, கைப்பேசி அடித்தது.

“ஏனம்மிணி, அங்க கரண்ட் இருக்குதா?”

“இருக்குங்ணா.”

“இங்க போயிருச்சு. உலையில ஈட்டி கெடக்குது. பனி ஏத்திட்டிருந்தேன், பாதியில நிக்குது. ஏறி ஊது.”

“பாஸ்வேர்ட மாத்தறேன்னீங்களே?”

“மாத்திட்டேன். நான் என்ன சும்மா சொல்றவனா?” மறுமுனையில் தகரக் கூரையில் மழை அறைந்தது. “புதுச ஒனக்குச் சொல்லணுமா வேண்டாமான்னு இத்தன நாளா யோசன. இப்ப ஈட்டி அணையப் போவுது, யோசிக்க நேரமில்ல. போட்டுக்க. நீ வெக்கறேன்னியே ஒரு பேரு, அதான். நீயாச்சும் மறக்காம இருப்பயில்ல.”

“அண்ணா…”

“அழுவாத. ஊது. இந்தத் தடவ அவன் கையில கிய்யில குடுத்துத் தொலைச்சயின்னா, உன்ற ஊட்டு வாசல்ல வந்து கேரட்டக் கொட்டிட்டு மறியல் பண்ணுவேன்.”

“நான் அழுவல. கோவமா இருக்கேன்.”

“அதான் வேணும். துருத்திக்கு நல்லது.”

அவள் அவருடைய கணக்கைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்ட இடத்தில் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். இந்த உலகத்துக்குள் அவள் அதை எழுதுவது அதுவே முதல்முறை. திரையில் எழுத்துகள் விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கரும்புள்ளி விழுந்தது. வாசல் திறந்தது. உலையில் தீ நீலமாகச் சுருங்கி, அணையும் தறுவாயில் இருந்தது.

துருத்தி விசையின்மேல் விரலை வைத்து ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

“ஏன்டி,” என்று யூனிஸ் சமையலறையிலிருந்து கேட்டாள், “இப்ப அந்தப் பொத்தான் என்ன பாவம் பண்ணுச்சு?”

கெஸியா நிறுத்தவில்லை.